நாயும் வாடிக்கையாளரும் வாய் திறக்காமல் சொல்வது: புதிதாகப் பழகுபவர்களுக்கு

பிளவுஸைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று "நல்லா இருக்குக்கா" என்று சொல்கிற எல்லாருக்கும் அது நல்லா இருப்பதில்லை. வாய் அப்படிச் சொல்லும்போதே கை போய் வலது தோளை ஒரு இழுப்பு இழுத்துவிடும். இழுத்தது அவருக்கே தெரியாது. கேட்டால் "இல்லையே, சரியாத்தான் இருக்கு" என்பார். வீட்டுக்குப் போய் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்வார், அதோடு என் கடைப் பக்கம் வரமாட்டார். சென்னை மந்தைவெளியில் பதினேழு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். முதல் மூன்று நான்கு வருடம் வாயை நம்பினேன், வாடிக்கை போனது. அப்புறம் கையை நம்ப ஆரம்பித்தேன்.

கடையில் வேலை பழக வரும் பெண்கள், "உங்களுக்கு மட்டும் எப்படிக்கா தெரியுது?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் பாதி, கடை வாசலில் படுத்திருக்கும் தெருநாய்களிடம் கற்றது. நாய்க்கு வாய்ப்பேச்சு கிடையாது என்பதால் பார்க்கப் பழகுவதற்கு மனிதர்களைவிட நாய்தான் நல்ல வாத்தியார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளுணர்வு என்பது சாமி வந்து காதில் சொல்வதில்லை. கண்ணும் காதும் பிடித்துவிட்டதை மனசு இன்னும் பெயர் வைத்துச் சொல்லாத நிலை, அவ்வளவுதான். கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் தீயணைப்பு வீரர்களிடம் பேசிப் பதிவு செய்த ஒரு சம்பவம் உண்டு. ஒரு வீட்டின் சமையலறைத் தீயை அணைக்க உள்ளே போன அதிகாரிக்கு ஏதோ சரியில்லை என்று பட, எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். வந்த கொஞ்ச நேரத்தில் அவர்கள் நின்ற தரை இடிந்து விழுந்தது. தீ உண்மையில் கீழ்த்தளத்தில் எரிந்துகொண்டிருந்தது. தனக்கு ஏதோ அபூர்வ சக்தி இருக்கிறது என்றே அந்த மனிதர் நினைத்திருந்தார். துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது: அந்தச் சின்னத் தீக்கு அறை அளவுக்கு மீறிச் சூடாக இருந்தது, தண்ணீர் அடித்தும் தணியவில்லை, தீயின் சத்தமும் குறைவாக இருந்தது. அத்தனையும் அவர் உடம்பு கவனித்துவிட்டது. வாய்க்குத்தான் அது வந்து சேரவில்லை.

முதல் வேலை: வழக்கத்தைத் தெரிந்துகொள்வது

புதிதாக வருகிறவர்கள் நேராக "மாற்றத்தை" தேடுவார்கள். வழக்கம் தெரியாமல் மாற்றம் எப்படித் தெரியும்? அதனால் முதல் இரண்டு வாரம் எதையும் ஊகிக்க வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். மொட்டை மாடியோ, பால்கனியோ, பஸ் ஸ்டாப்போ போதும். போன் பையில் இருக்கட்டும்.

என் சந்தில் காலை ஏழு மணிக்கு எதிர்வீட்டு முருங்கை மரத்தில் இரண்டு அணில். கரண்ட் கம்பியில் காக்கைகள், இட்லி விள்ளலுக்குக் காத்திருக்கும். நிறுத்திய காருக்கு அடியில் தெருநாய் கருப்பன். மைனாக்கள் தரையில் நடந்து எதையோ பொறுக்கும். இது வழக்கம். ஒரு நவம்பர் மாதம், விடாத மழைக்கு மறுநாள், மைனாக்கள் தரையில் இறங்காமல் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து கரகரவென்று ஒரே கத்தல். அணில் வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு நிறுத்தாமல் கீச்சிட்டது. எல்லாம் பார்த்தது ஒரே இடத்தை: என் கடை வாசலில் வெட்டுத்துணி கட்டி வைத்திருந்த மூட்டை. தினமும் நான் கையை விட்டு லைனிங் துண்டு எடுக்கும் மூட்டை. அன்றைக்குக் கை போகவில்லை. குச்சியால் தட்டிப் பார்த்தபோது ஒரு சாரைப்பாம்பு தலையை நீட்டியது. சாரைக்கு விஷம் கிடையாது, இருந்தாலும் கை வைத்திருந்தால் கடித்திருக்கும். தீயணைப்புத் துறைக்குப் போன் செய்தோம், வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு எனக்குப் பாம்பு என்று தெரியாது. பறவைகள் தினமும் செய்வதைச் செய்யவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

உங்கள் உடம்பு எங்கே பேசுகிறது?

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிலருக்கு வயிற்றில் பிசையும், சிலருக்குப் பின்கழுத்தில் மயிர் கூச்செறியும், எனக்குத் தோள்பட்டை இறுகும். உங்களுக்கு எங்கே என்று கண்டுபிடியுங்கள். பசி, தூக்கமின்மை, மே மாதத்து மத்தியான வெயில், வீட்டில் போட்ட சண்டை, இதெல்லாமும் அதே இடத்தில்தான் பேசும். அதனால் ஏதாவது தோன்றியதும் "சாப்பிட்டேனா?" என்று ஒரு கேள்வி. சாப்பிட்டும் தோன்றினால் கவனியுங்கள்.

நாயைப் படிப்பது

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். சென்னையில் தெருநாய் இல்லாத தெரு கிடையாது, பாடத்துக்குப் பஞ்சமில்லை.

வாலாட்டினால் பாசம் என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். முழு உண்மை அது இல்லை. வால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று பாருங்கள். இடுப்போடு சேர்ந்து முழு உடம்பும் தளர்வாக ஆடினால் அது நட்பு. வால் மேலே கம்பி மாதிரி நின்று, நுனி மட்டும் வேகமாக அதிர்ந்தால் விலகிப் போங்கள். இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள்: தன்னை வளர்ப்பவரைப் பார்க்கும்போது நாயின் வால் அதன் வலது பக்கமாக அதிகம் ஆடுகிறது, தெரியாத முரட்டு நாயைப் பார்க்கும்போது இடது பக்கமாக. கேட்க அழகாக இருக்கிறது. தெருவில் நின்று வலதா இடதா என்று எண்ணிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? உயரமும் விறைப்பும்தான் நமக்கு உதவும்.

அடுத்தது வாய். எதிரில் சாப்பாடு எதுவும் இல்லாமலே நாக்கால் மூக்கை நக்கிக்கொள்கிறதா? தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறதா? தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொள்கிறதா? "எனக்கு இது பிடிக்கவில்லை, சண்டையும் வேண்டாம்" என்று அது சொல்கிறது. குழந்தைகள் நாயைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கும்போது பாருங்கள், பெரும்பாலும் நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர்கள் அதை வெட்கம் என்பார்கள்.

தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக உருட்டி, வெள்ளை விழி பிறை மாதிரி தெரிந்தால் அது கடைசிக்கு முந்தைய எச்சரிக்கை. கடைசி எச்சரிக்கை, அசையாமல் நின்றுவிடுவது. குரைக்கும் நாயைவிட, மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு மூச்சுக்கூட விடாத மாதிரி உறைந்து நிற்கும் நாயிடம்தான் நான் அதிகம் எச்சரிக்கையாக இருப்பேன். உறுமலும் நல்லதுதான். உறுமுகிற நாயை அடித்து அடக்கினால், அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும்.

நீங்கள் எப்படி நிற்க வேண்டும்? நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். கண்ணைக் கண் பார்க்க வேண்டாம். குனிந்து தலைமேல் கையைக் கொண்டுபோக வேண்டாம், நம் பாஷையில் அது கொஞ்சல், அதன் பாஷையில் மேலிருந்து இறங்கும் ஆபத்து. அது வளைந்து சுற்றி வந்து உங்களை மோந்தால் பாதி வேலை முடிந்தது. ராத்திரி பைக்கைத் துரத்தும் நாயிடம் வேகம் கூட்டாதீர்கள், முடிந்தால் வண்டியை மெதுவாக்கி நிறுத்துங்கள். துரத்துவதற்கு எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் அதற்கே ஆர்வம் போய்விடும். காருக்கு அடியில் குட்டி போட்டிருக்கும் தாய் நாய்க்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, சுற்றிக்கொண்டு போங்கள்.

காதில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகியிருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லலாம்.

ஒரே ஒரு இடத்தில் உள்ளுணர்வை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். கடித்தாலோ நகம் கீறினாலோ, "நம்ம தெரு நாய்தானே, இதைப் பார்த்தாலே தெரியும், ஒன்றும் இல்லை" என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். அவர்கள் எழுதிக்கொடுக்கும் தேதிகளில் ஒன்றைக்கூட விட வேண்டாம். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை.

மற்ற ஜீவராசிகள், சுருக்கமாக

பூனை உங்களைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள்: அப்படிச் செய்கிற மனிதரிடம் பூனைகள் கிட்ட வருவது கூடியது. ஆனால் பூனை வலியை ஒளிக்கும். ஆண் பூனை அடிக்கடி சிறுநீர் கழிக்க உட்கார்ந்து ஒன்றும் வராமல் எழுந்தால், அது என்ன உணர்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். நான் போவது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. 1903-லிருந்து இருக்கும் கல்லூரி, கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

காக்கை முகத்தை மறக்காது. சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 2006-ல் ஒரு முகமூடி போட்டுக்கொண்டு காக்கைகளைப் பிடித்து, பிறகு பறக்கவிட்டார்கள். அதன் பிறகு வருடக்கணக்கில் அந்த முகமூடியைக் கண்டாலே காக்கைகள் திட்டித் தீர்த்தன. அது அமெரிக்கக் காக்கை. நம்ம ஊர்க் காக்கையிடம் ஒரு முறை கூட்டுக்குப் பக்கத்தில் கிளை வெட்டிப் பாருங்கள், முகமூடியே வேண்டாம்.

கிண்டி பக்கம் குரங்கைப் பார்த்தால் பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அது பல்லைக் காட்டினாலும் சிரிப்பு இல்லை, பயம். மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவில் புகுந்து போகாதீர்கள். இது திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மனிதர்கள்

திருக்குறளில் "குறிப்பறிதல்" என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, 71-ம் 110-ம். ஒன்று அரசனின் மனசைப் படிக்கும் அமைச்சருக்கு, மற்றது காதலர்களுக்கு. தையல்காரிக்கு இரண்டும் தேவை.

மனிதர்களிடம் உள்ள சிக்கல், அவர்கள் பேசுவார்கள். பேச்சு மற்றதையெல்லாம் மூடிவிடும். அதனால் பழகும்போது பேச்சைக் கொஞ்சம் ஓரத்தில் வைத்துவிட்டு, முகத்தைவிடக் கையையும் பாதத்தையும் பாருங்கள். முகத்தை நாம் எல்லாரும் சின்ன வயதிலிருந்தே அடக்கி வைக்கப் பழகியவர்கள். பாதத்தை யாரும் பழக்குவதில்லை. விலையைப் பற்றி நின்று பேசிக்கொண்டிருப்பார், ஒரு கால் மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருக்கும். அவர் போக நினைக்கிறார். "யோசிச்சு வாங்கம்மா" என்று நானே சொல்லிவிடுவேன், மறுபடி வருவார்.

அளவெடுக்கும்போது டேப் படுவதற்கு முன்பே தோள் சுருங்கினால் நிறுத்திவிட்டு, "அளவு பிளவுஸ் இருந்தா கொண்டு வாங்க, அதை வெச்சே வெட்டிடறேன்" என்பேன். ஏன் சுருங்கியது என்று கேட்பதில்லை.

சொற்களுக்கும் ஒரு அகராதி உண்டு. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். "பார்க்கலாம்" என்றால் பெரும்பாலும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டு முதல் தடவை "வேணாம், இப்பதான் சாப்ட்டேன்" என்றால் அது மரியாதை, மூன்றாவது தடவையும் சொன்னால்தான் உண்மையிலேயே வேண்டாம். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நிலைப்படியில் நிற்பவர், வந்த விஷயத்தை இனிமேல்தான் சொல்லப்போகிறார். தலையை இரு பக்கமும் ஆட்டுவது சரி என்றும் இருக்கும், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும்கூட இருக்கும். வேகமாக ஆட்டினால் சரி, மெதுவாக இழுத்து ஆட்டினால் சந்தேகம், இது என் கணக்கு. "ம்" என்பதற்கு எத்தனை அர்த்தம் என்று நான் எழுத ஆரம்பித்தால் தீபாவளி ஆர்டர் நின்றுபோகும்.

இடத்தையும் கணக்கில் வையுங்கள். காலை எட்டரை மணி பஸ்ஸில் ஒருவர் ஒட்டி நிற்பதற்கு அர்த்தம் எதுவும் இல்லாமல் இருக்கலாம், காலியான பஸ்ஸில் அதற்கு அர்த்தம் உண்டு.

மணியும் கதையும்

இப்போது நான் தப்பு செய்த கதை. ஒரு ஏப்ரல் மாதம் கல்லூரிப் பெண் ஒருத்தி சுடிதார் தைக்க வந்தாள். கை மணிக்கட்டு வரை நீளம் வேண்டும் என்றாள். அந்த வெயிலில்! பேசும்போது துப்பட்டாவால் கையை மூடி மூடி வைத்துக்கொண்டாள். எனக்குத் தோள்பட்டை இறுகியது. எதையோ மறைக்கிறாள் என்று பட்டது. அதுவரை சரி. அடுத்த நொடியே மனசு ஒரு முழுக் கதையைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டது: யாரோ அடிக்கிறார்கள். கடையில் இன்னும் இரண்டு பேர் இருக்கும்போதே, "யாராவது அடிச்சாங்களா கண்ணு? அக்காகிட்ட சொல்லு" என்று கேட்டுவிட்டேன். அவள் துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். கை முழுக்க வெண்புள்ளி. துணியை எடுத்துக்கொண்டு போனவள் திரும்ப வரவில்லை.

மறைக்கிறாள் என்று எனக்குப் பட்டது உண்மை. அதற்கு நான் சொல்லிக்கொண்ட காரணம்தான் பொய். உள்ளே மணி அடித்தால் மணியை நம்புங்கள். மணி ஏன் அடித்தது என்று உடனே வந்து நிற்கும் கதையை, வாடகைக்கு வீடு கேட்டு வந்த ஆளை விசாரிக்கிற மாதிரி விசாரியுங்கள். இரண்டும் ஒரே குரலில் பேசுவதுதான் கஷ்டம்.

அந்தக் கதை பெரும்பாலும் நமக்கு ஏற்கெனவே தெரிந்த சரக்கிலிருந்துதான் வரும். பேச்சு வழக்கு, உடை, நிறம், எந்த ஏரியா என்று பார்த்து "ஆளைப் பார்த்தாலே தெரியும்" என்பது உள்ளுணர்வே இல்லை, வீட்டில் ஊற்றி வளர்த்த வெறுப்பு. கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய்யன் என்பதும் அப்படித்தான். பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்து என்று வளர்த்துவிட்டு, தாழ்த்தினால் சந்தேகப்படுவது என்ன நியாயம்? ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குக் கண்ணைப் பார்ப்பதே கஷ்டம். பொய்யைக் கண்டுபிடிப்பதில் நாம் யாருமே கெட்டிக்காரர்கள் இல்லை. பாண்ட், டிபாலோ என்ற உளவியலாளர்கள் இருவரும் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, 100-க்குச் சுமார் 54 முறைதான் நாம் சரியாகச் சொல்கிறோம். காசைச் சுண்டினாலே 50 வருமே.

நோட்டுப் போடுங்கள்

அளவு நோட்டு மாதிரி ஒரு சின்ன நோட்டு. மூன்று பத்தி: பார்த்தது, தோன்றியது, நடந்தது. "வலது தோளை இழுத்தாள் / தோள் பிடிக்கிறது / கேட்டேன், கழுத்துதான் பெரிசாம்." தப்பானதையும் கட்டாயம் எழுத வேண்டும். பலித்ததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் யாரும் ஜோசியர் ஆகிவிடலாம். முன்னே சொன்ன கேரி க்ளைனும் டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் உள்ளுணர்வு விஷயத்தில் எதிரெதிர்க் கட்சியாக இருந்தவர்கள். இருவரும் சேர்ந்து 2009-ல் எழுதியதில் ஒத்துப்போன இடம் இதுதான்: ஒழுங்கு உள்ள துறையில், சரியா தப்பா என்று சீக்கிரம் தெரியவரும் வேலையில், நிறையப் பழகியவரின் உள்ளுணர்வை நம்பலாம். தையல் அப்படி, நாய் அப்படி. ஷேர் மார்க்கெட் அப்படி இல்லை.

சரிபார்ப்பது என்றால் கேட்பதுதான். ஆனால் "தோள் பிடிக்குதா?" என்று கேட்டால் "ஆமா" என்று நமக்காகச் சொல்லிவிடுவார்கள். "கையத் தூக்கிப் பாருங்க, எங்கயாவது இழுக்குதா?" என்று கேளுங்கள். நாம் எதிர்பார்க்கும் பதில் நம் உடம்பிலேயே தெரிந்துவிடும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு குதிரை சாட்சி. ஹான்ஸ் என்று பெயர். கணக்குக் கேட்டால் காலால் தட்டி விடை சொல்லும். ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்து 1907-ல் உண்மையை வெளியிட்டார்: கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை துளி அசையும், அதைப் பார்த்துக் குதிரை நிறுத்திவிடும். குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று ஊர் சிரித்ததாம். மனிதர் கண்ணுக்கே படாத அசைவைப் படித்த குதிரையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

போட்டோ அனுப்பினால் உங்கள் நாய் என்ன நினைக்கிறது என்று சொல்கிறேன், இவ்வளவு பணம் என்பவர்களிடமும் இதைத்தான் நினைவில் வையுங்கள். போட்டோவுக்கு மூச்சு இல்லை, வால் ஆடாது.

விசாரிக்கக் கூடாத ஒரு நேரம்

உங்கள் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் முதலில் நகருங்கள், கதை சரியா என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஷேர் ஆட்டோவில் ஒரு ராத்திரி, ஏறிய இருவரும் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் ஒரே நேரத்தில் திரும்பி என் பையைப் பார்த்தார்கள். லஸ் முனையிலேயே இறங்கிவிட்டேன். அவர்கள் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். எனக்குப் போனது இருபது ரூபாயும் பத்து நிமிட நடையும். தப்பாக நினைப்பார்களே என்ற கூச்சத்தில் உட்கார்ந்தே இருப்பதுதான் நம் பெண்களுக்குப் பழக்கிவிட்ட வியாதி. பெண்களுக்கு 181, எல்லாருக்கும் 112, குழந்தை விஷயம் என்றால் 1098. போனில் போட்டு வையுங்கள்.

இந்த வாரம் வேலை பழக வந்திருக்கும் பெண்ணுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நேற்று ஒரு அம்மா பிளவுஸ் போட்டுப் பார்த்து "நல்லா இருக்கும்மா" என்றார். இவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கையத் தூக்கிப் பாருங்கம்மா" என்றாள். அவர் தூக்கினார், பாதியில் நின்றது. அக்குளில் அரை இஞ்ச் விட்டுக் கொடுத்தோம். நோட்டில் அவள் எழுதியிருந்தது: "மூச்சை இழுத்துப் பிடிச்சிருந்தாங்க." அதை நான் கவனிக்கவில்லை.